நூலகவியலுக்குத் தமிழ் அயன்மொழியா?

இந்திய நூலகவியலைத் தோளில் ஏற்றி வளர்த்த நிலம் தமிழ்நிலம். சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதனார் கணக்காசிரியராய் இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சென்னை நூலகக் கழகம் 1929-இல் தொடங்கிய கோடைப் பயிற்சியை 1931-இல் அப் பல்கலைக்கழகமே ஏற்றது. 1937-இல் அஃது ஓராண்டுப் பட்டயப் படிப்பாக உயர்ந்தது. பொது நூலகச் சட்டமும் 1948-இல் சென்னையில் பிறந்தது.

இத்துணைப் பெருமை வாய்ந்த நிலத்தில், நூலகவியல் பட்ட வகுப்புகள் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. ஆங்கிலக் கலைச்சொற்களை உருப்போட்டுத் தேறிய இளைஞர் சிற்றூர்க் கிளை நூலகத்தில் அமர்கின்றார். அவர்முன் அடுக்கியிருப்பவை தமிழ்நூல்கள். வந்து நிற்போர் தமிழ்மக்கள். கற்றது ஒன்று, கைக்கொள்ள வேண்டுவது மற்றொன்று!

மொழி மட்டுமன்று, பாடப்பொருளும் அயன்மையே. தியூயியின் பதின்மப் பகுப்பில் ஆங்கில இலக்கியத்திற்கு 820 தொடங்கி ஒரு முழுப் பிரிவு உண்டு. ஈராயிரம் ஆண்டுத் தமிழிலக்கியமோ, பிறமொழிகளுக்கென ஒதுக்கிய 890-இன் மூலையில் 894.811 என முடங்கிக் கிடக்கின்றது. அரங்கநாதனார் 1933-இல் வெளியிட்ட முக்காற்புள்ளிப் பகுப்பிலோ திரவிட மொழிகளுக்கு 3, தமிழுக்கு 31 எனத் தனியிடம் அமைந்தது. ஆயினும் நம் நூலகங்களில் தியூயியின் ஆட்சியே ஓங்கியுள்ளது.

தொல்காப்பியத்தை மொழியியலில் அடுக்கினால் பொருளதிகாரம் மறைகின்றது. இலக்கியத்தில் அடுக்கினால் எழுத்தும் சொல்லும் மறைகின்றன. திருக்குறள் அறவியலா, இலக்கியமா? தேவாரம் சமயமா, பாட்டா? இவ் வினாக்களைத் தமிழறியாப் பாடநூல் எழுப்பாது. எழுப்பாத வினாவுக்கு மாணவர் விடை காணார்.

பெயர்ச்சிக்கலும் உண்டு. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். மேலைப் படிவத்தின் கட்டத்தை நிரப்பும் மாணவர், தந்தை பெயரைத் தலைப்பாக்கி, நூலாசிரியரைப் பின்தள்ளுகின்றார். பாரதிதாசன், கனக. சுப்புரத்தினம் என்னும் ஒருவரே ஈரிடத்தில் பிரிந்து கிடப்பதும் இத்தகைய பயிற்சிக் குறையால் நேரக்கூடியதே. தவறு ஏட்டோடு நில்லாது. கணினியில் ஏறினால் தேடுவோர் அனைவரையும் திசைதிருப்பும். கிடைக்காத நூல் இல்லாத நூலே!

கலைச்சொற்கள் உலகப் பொது என்பார் சிலர். ஆங்கிலத்தைக் கற்க வேண்டா என்று எவரும் சொல்லவில்லை. அதுவே தமிழ்நூலைத் தமிழர்க்கு எடுத்துக் கொடுக்கும் பயிற்சிக்கு ஈடாகாது என்பதே உரைப்பது.

ஆதலின், நூலகவியல் பட்ட வகுப்புகளில் தமிழிலேயே கற்றுத் தேர்வெழுத முழு வழி வேண்டும். தமிழ்ப் பெயர்களைப் பதியும் நெறியும், தமிழ்நூற் பகுப்பும், ஓலைச்சுவடிப் பேணலும், தமிழெண்கள் பொறித்த பழம்பதிப்புகளை அறியும் திறனும் கட்டாயப் பாடமாதல் வேண்டும். நூலகவியலாசிரியரும் தமிழாசிரியரும் கூடியமர்ந்து பாடநூல் யாத்தல் வேண்டும்.

பூட்டிய நூலகம் கண்ணுக்குத் தெரியும். தமிழறியாப் பட்டியலால் பூட்டிய நூலகம் தெரியாது. அப் பூட்டைத் திறக்கும் கடமை பல்கலைக்கழகங்களுடையது. திறக்கச் செய்யும் கடமை தமிழருடையது.