மேற்கோள் எண்ணிக்கை சான்றாகுமா?

2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் 'மேஜரானா 1' குவாண்டம் சில்லை அறிவித்தபோது இயற்பியலாளர்கள் பலர் உடனே நம்பவில்லை. காரணம் உண்டு. அந்நிறுவனத்துடன் இணைந்த நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள், மேஜரானா துகளுக்கு ஆதாரம் கிடைத்ததாக 2018இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். பலரும் அதை மேற்கோள் காட்டினர். அதே ஆய்வகத்தில் முன்பு பணியாற்றிய செர்ஜி ஃப்ரோலோவ், வின்சென்ட் மௌரிக் இருவரும் மூலத் தரவுகளைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தனர். முடிவு நிற்கவில்லை. 2021இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எழுதியவர்கள் மன்னிப்புக் கேட்டனர்.

வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது அல்ஹுஜுராத் அத்தியாயம். ஹதீஸ் கலை இமாம்களும் மக்களிடம் பிரபலம் என்பதற்காக எதையும் ஏற்கவில்லை. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தார்கள். ஆய்வுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் நாமும், வழிகாட்டியின் மேற்கோள் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், அவர் தம் தரவுகளைத் திறந்து காட்டுபவரா என்று விசாரிப்போம்.