சுருக்கெழுத்துக்கு விளக்கம் வேண்டும்



மருத்துவ அறிக்கைகள் நோயாளிக்கும் புரிய வேண்டும் என்ற சென்ற இதழ்க் கட்டுரையை முழு மனதோடு ஏற்கிறேன்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து புருவத்தில் அடிபட்ட என் தம்பிக்கு, மூளையையும் கண்குழியையும் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் மாலையிலேயே கைக்கு வந்தது. டாக்டரை மறுநாள்தான் பார்க்க முடிந்தது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘என்.ஏ.டி.’ என்றிருந்தது. ஏதோ நோயின் பெயர் என்று பயந்து அம்மா இரவெல்லாம் தூங்கவில்லை. ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்பதே அதன் பொருள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

மற்ற சுருக்கெழுத்துகளும் விளக்கினால் புரிபவைதான். ‘என்.சி.சி.டி.’ என்றால் சாய மருந்து செலுத்தாமல் எடுத்த ஸ்கேன். ‘எம்.எல்.எஸ்.’ என்றால் மூளையின் நடுக்கோடு ஒரு பக்கமாக விலகியிருப்பது. ‘எச்.யு.’ என்பது அடர்த்தியைக் குறிக்கும் அலகு; நீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000.

மருத்துவர்களுக்குள் சுருக்கெழுத்து தேவைதான். ஆனால் ஒவ்வொரு ஸ்கேன் மையமும் ரிப்போர்ட்டின் பின்பக்கம் இவற்றுக்குத் தமிழ் விளக்கப் பட்டியல் அச்சிட வேண்டும். முடிவுரையையும் இரண்டு வரி தமிழில் தர வேண்டும். சுகாதாரத் துறை இதைக் கட்டாயமாக்கினால் பல குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்