கொசுப் பொறி: எது எதற்கு?

நெல் வயலில் குருத்துப் பூச்சிக்கு விளக்குப் பொறி வைத்துப் பழகிய விவசாயிகள், அதே விளக்கை மாட்டுக் கொட்டிலில் கட்டினால் கொசு ஒழிந்துவிடும் என எண்ணக் கூடாது. விளக்கருகே வரும் கொசுவை இழுத்துப் பையில் தள்ளச் சிறு விசிறி வேண்டும். அப்போதும் அது கணக்கெடுக்கும் கருவிதான், ஒழிக்கும் கருவியல்ல.

நெய்வேலி நகரியத்தின் குடியிருப்புகளுக்கு வேறு பொறி தேவை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விளக்கை அவ்வளவாக நாடாது. கறுப்பு டப்பாவில் நீர் ஊற்றி, சொரசொரப்பான பட்டை ஒன்றைச் செருகி வைத்தால் முட்டையிட வரும். வாரம் தவறாமல் கொட்டிக் கழுவ வேண்டும். மறந்தால் பொறியே கொசுப் பண்ணை!

சுற்றியுள்ள கிராமங்களில், சுரங்க நீர் பாயும் வயல்களையே முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மூளைக் காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நெல் வயல் நீரில் பெருகி, மாட்டை நாடிக் கடிக்கிறது. அந்தி நேரத்தில் கொட்டிலில் உறிஞ்சு குழாயால் பிடித்து எண்ணினாலே அதன் பெருக்கம் தெரிந்துவிடும். குறைப்பதற்கு வழி காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது. யூரியாவுடன் வேப்பம் பிண்ணாக்கு சேர்த்து இட்டபோது வயலில் கொசுப் புழு குறைந்ததை மதுரை ஆய்வாளர்கள் 1990களில் வெளியிட்டுள்ளனர். பிண்ணாக்கு பயிருக்கும் உரம். பொறி வாங்கும் காசை முதலில் அதில் போடலாம்.