சாரத்திலிருந்து விழுந்தவன் யாருடைய ஆள்?

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்றனர் நம் முன்னோர். கல்லுக்கும் மரத்துக்கும் நாம் கணக்கு வைக்கின்றோம். சாரத்தில் ஏறி நிற்பவனின் எலும்புக்குக் கணக்கு வைப்பவர் யார்?

அண்மையில் நம் அயலில் எழும் வீடொன்றிலே, சாந்து எடுத்துக் கொடுத்து நின்ற இளைஞன் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். மேசனுக்கு உதவும் ஆளை முட்டாள் என்பது யாழ்ப்பாண வழக்கு. வீட்டுக்காரர், "கொந்தராத்துக்காரரைக் கேள்" என்றார். கொந்தராத்துக்காரரோ, "நீயன்றோ கவனமாக நின்றிருக்க வேண்டும்" என்றார். அவனை மெய்யாகவே முட்டாளாக்கியவை இவ்விரு விடைகளுமே.

இவை புதிய விடைகளல்ல. 1837 இல் இங்கிலாந்திலே, பாரம் மிகுந்த வண்டி முறிந்து தொடையெலும்பு உடைந்த இறைச்சிக்கடை வேலையாள் ஒருவனுக்கு, ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தவன் என்னும் கருத்துப்பட நட்டஈடு மறுக்கப்பட்டது. 60 ஆண்டுகளின் பின், 1897 ஆம் ஆண்டுச் சட்டம் வேலைகொள்வோரின் பிழையை நிரூபியாமலே நட்டஈடு பெற வழிசெய்தது. ஆயினும் சாரங்கட்டி எழுப்பும் கட்டடமாயின், அது 30 அடிக்கு மேற்பட்டிருத்தல் வேண்டுமாம்! அவ்வரம்பு 1906 இல் நீங்கிற்று.

நம் நாட்டில் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்துக்கு வேலைகொள்வோரே பொறுப்பு. வெறுங் கவனக்குறைவு அப்பொறுப்பை நீக்காது. கட்டடத் தொழில் நடத்துபவர் வேலையை வேறொருவருக்குக் கைமாற்றினாலும், காயமுற்றவன் அவரிடமே நட்டஈடு கேட்கலாம். கொடுத்தவர் பின்னர் மற்றவரிடம் அறவிட்டுக்கொள்ளலாம். ஆகவே, கொந்தராத்துக்காரரின் விடை சட்டத்தின்முன் நில்லாது.

வீட்டுக்காரரின் விடை என்னாவது? தொழிலாக வேலை செய்விப்போரை நோக்கியே இவ்விதி எழுந்தது. தம் குடும்பம் வாழ வீடு கட்டுவோரை அது பெரும்பாலும் எட்டுவதில்லை. சட்டம் விட்ட அவ்விடத்தை நம் மனச்சாட்சியே நிரப்புதல் வேண்டும். கொந்தராத்து எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போமாக: சாரம் உறுதியானதா? வேலையாட்களுக்குக் காப்புறுதி உண்டா? காயமுற்றால் யார் கொடுப்பது? விடைகளைப் பத்திரத்திலேயே எழுதுவிப்போமாக.

புதுமனையிற் பால் காய்ச்சும் நாளிலே, அவ்வீட்டைக் கட்டியவருள் ஒருவன் படலைக்கு வெளியே ஊன்றுகோலுடன் நிற்பானாயின், அந்தப் பால் நமக்கு எங்ஙனம் இனிக்கும்?