ஆடிக் காற்றும் பந்தி மேசையும்

தேனி, கம்பம் பக்கத்து வாடகைப் பாத்திரக் கடைகளில் இப்போது பிளாஸ்டிக் மடக்கு மேசைக்குத்தான் கிராக்கி. தூக்க லேசு, துடைக்க லேசு, மண்டபத்துக்குள் சரி. மூட்டுவலிக்காரப் பெரியவர்கள் பந்தியில் நிம்மதியாகச் சாப்பிடுவதே மேசை வந்த பிறகுதான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஆடியில் குலதெய்வக் கோயில் தோப்பில் கிடா வெட்டி விருந்து வைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற தென்மேற்குக் காற்று, மேசை மேல் விரித்த பேப்பர் ரோலை இலையோடு சுருட்டிக்கொண்டு போய்விடும்; லேசான மேசையையும் ஆட்டிவிடும். எனக்கென்னவோ பழைய தகர மேசையே தேவலை. கனம்தான், ஆனால் நிற்கும். எதை எடுத்தாலும் குறுக்குக் கம்பி முழங்காலில் இடிக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள், கால் கொக்கி சரியாக விழுகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். குழம்பு ஊற்றும் நேரத்தில் மேசை சரிந்தால், சம்பந்தி வீட்டார் வேட்டிக்கு யார் பதில் சொல்வது?