மாத்திரை எதற்கு?

பந்தயத்திற்கு முன் வைட்டமின் ‘சி’ மாத்திரையைச் சப்பினால் களைப்பு வராது என்று நம்மில் பலர் நம்புகிறோம். நானும் சப்பியவள்தான், புளிப்புத்தான் மிச்சம்!

கடுமையாக ஓடும்போது தசைகளில் ‘ஃப்ரீ ராடிகல்’ எனும் மூலக்கூறுகள் பெருகிச் செல்களைத் தாக்குகின்றன. வைட்டமின்கள் அவற்றை அடக்கும் என்பது உண்மையே. ஆனால் உடலுக்குத் தூது சொல்பவையும் அவையே! அத்தூது கிடைத்தால்தான் தற்காப்பு நொதிகளை உடல் தானே பெருக்கிக்கொள்ளும்.

2014-இல் வெளியான நார்வே ஆய்வில் 54 பேர் 11 வாரம் பயிற்சி செய்தனர். தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’யும், அதனுடன் வைட்டமின் ‘இ’யும் உண்டவர்களின் தசைச் செல்களில் பயிற்சியின் பலன் குறைந்தே காணப்பட்டது. ஓடும் திறனில் மற்றவர்களைவிட அவர்கள் முந்தவுமில்லை. பிறகு விழுங்கி என்ன லாபம்?

அடுத்தடுத்த நாட்களில் போட்டியிடும் தொழில்முறை வீரர்கள் அந்நாட்களில் மட்டும் உண்பதை நான் குறை கூறவில்லை. பயிற்சிக் காலம் முழுதும் விழுங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். சத்துக் குறைவுக்கு மருத்துவர் தருவது வேறு.