'கே' எழுத்துக்குக் கொடுத்த காசு

மகள் வயிற்றுப் பேரன் சேலத்தில் ஒரு கடையில் பார்ட்ஸ் வாங்கி வந்து, "அப்புச்சி, இது ஓவர்கிளாக் பண்ற பிராசசர்" என்றான். பில்லை வாங்கிப் பார்த்தேன். இன்டெல் பிராசசர், பெயரின் கடைசியில் 'கே'. மதர்போர்டோ 'பி' வரிசை.

அந்தக் 'கே'க்குத்தான் கூடுதல் விலை. ஆனால் அதன் வேகத்தைக் கூட்ட 'இசட்' சிப்செட் போர்டு வேண்டும். பொருந்தாத இரண்டையும் ஒரே பில்லில் போட்டவரை என்ன சொல்ல? நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர் சேஸிஸை அளக்காமல் இரும்பை வெட்டுவாரா?

1998-ல் செலரான் 300ஏ வந்தது. பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் 300 என்பது 450 ஆகும். பெரும்பாலானவை தாங்கின, விலை அதிகமான பென்டியம் 2-க்கு ஈடுகொடுத்தன. ஓவர்கிளாக் அன்று இல்லாதவன் வித்தை. இன்று பூட்டைப் போட்டுவிட்டு, சாவிக்குத் தனி விலை கேட்கிறார்கள்!

கையில் காசு குறைவென்றால் ரைசன் பக்கம் போகலாம். அங்கே பெரும்பாலான பிராசசர்களுக்குப் பூட்டில்லை. பி450, பி550 போர்டே போதும். மிச்சப் பணத்தை நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் கூலரிலும் போடுங்கள். கேபினட்டோடு இலவசமாக வருவதன் ஸ்டிக்கர் வாட்ஸை நான் நம்புவதில்லை. சித்திரை வெயிலில் நம் அறையே 38 டிகிரி. எந்த ஃபேன் கூலரும் அதற்குக் கீழே குளிர்விக்காது.

போர்டை மாற்றித் தரக் கேட்டோம். சீல் உடைந்துவிட்டதாம்.